செங்கோட்டைக் குயில்

நம் அய்யனார் கோவில் மலை தெற்கே நீண்டு செல்லும் வழியில் செங்கோட்டை இருக்கிறது. அவ்வூரில் 1906-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. நாம் சிலேட்டும் கையுமாக இருந்த வயதில் அவர் நாடக மேடை ஏறிவிட்டார். பெரும்பாலும் கேள்வி ஞானந்தான்! ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் அவர் குரல் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டியது. தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டைக் கேட்டோம். பெண் குரலோ என்று எங்களில் சிலர் ஐயுற்றோம். அத்தனை உச்சம், அத்தனை வேகம்.

இலங்கை மேடையில் தம்முடன் நடித்த கே.பி. சுந்தராம்பாளை 1927-இல் மணந்தார். முன்பே அவருக்கு ஒரு மனைவி இருந்தார். அந்த அம்மையாரை நினைத்தாலும் எங்களுக்கு வருத்தமே.

புகழும் பணமும் குவிந்தன. கூடவே குடியும் வந்தது. உடல் நலிந்தது, இல்லறத்தில் பிணக்கு நேர்ந்தது. மேடையே உயிராக இருந்தவர் பாட முடியாமல் படுக்கையில் கிடந்தார். 1933 டிசம்பர் 2-ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு வயது 27.

இளம் வயதில் வெள்ளைப் புடவை உடுத்திய சுந்தராம்பாள், 1980-இல் இறக்கும்வரை அதை மாற்றவேயில்லை.