நண்பன் தந்த தோடி

கல்லூரியில் நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் பேராசிரியர்கள். பாட்டுக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்கத்து அறைக்காரன், மெஸ் வரிசையில் முன்னால் நின்றவன், லேப் பார்ட்னர் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். இந்தப் பாடத்துக்கு சிலபஸ் கிடையாது, அரியர் கிடையாது. நான்கு வருடத்தில் படித்த எத்தனையோ சூத்திரங்கள் மறந்து போச்சு. ஆனால் எந்தப் பாட்டை எவன் அறையில், எந்த மழை நாளில் முதன்முதலாகக் கேட்டோம் என்பது மட்டும் மறக்கவில்லை.

2005-ல் நான் விடுதியில் சேர்ந்தபோது எங்கள் அறையில் நாலு பேர். மதுரைக்காரன் வந்த முதல் நாளே இளையராஜாவைக் கொண்டு வந்து இறக்கினான். சென்னைக்காரன் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஆங்கில ராக் இசை சி.டி. வைத்திருந்தான். எனக்கு ரஹ்மான். நாலாவது ஆள் மாயவரம் பக்கம், குத்தாலத்தை ஒட்டிய ஒரு கிராமம். அவனை மாயவரத்தான் என்றே கூப்பிடுவோம். அவன் எங்கள் சண்டையில் எந்தப் பக்கமும் சேர மாட்டான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு கம்ப்யூட்டரில் மிக மெல்லிசாக ஒன்றைப் போட்டுக் கேட்பான். தாத்தாவின் பழைய கேசட்டிலிருந்து எம்.பி.3 ஆக மாற்றிக் கொண்டுவந்தது. பாதி இரைச்சல், பாதி இசை. அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு நாதஸ்வரம் வரும். அது தோடி ராகம் என்றும், வாசிப்பவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை என்றும் அவன்தான் எனக்குச் சொன்னான். எழுபத்தெட்டு சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மனுஷன் இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்ட முடியுமா என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ரசிகர்கள் கொண்டாடிய அந்த மாமேதையின் வாழ்க்கையை நம் மாணவத் தம்பி தங்கைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. இதில் பாதி என் நண்பன் சொல்லக் கேட்டது, மீதி அதன் பிறகு நானே தேடிப் படித்தது.

ராஜரத்தினம் பிள்ளை 1898-ம் ஆண்டு ஆகஸ்ட் 27-ம் தேதி திருமருகலில் பிறந்தார். பெற்றோர் குப்புசாமி பிள்ளை, கோவிந்தம்மாள். முதலில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாய்மாமன் நடேச பிள்ளையின் வீட்டில் வளர்ந்தார். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான். டி.என். என்பதில் உள்ள என் என்ற எழுத்து அந்த மாமனின் பெயர்தான். நாதஸ்வர வீட்டில் வளர்ந்தாலும் பையன் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டுப் பயின்று, இளம் வயதில் பாட்டுக் கச்சேரியும் செய்தார். பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரப் பயிற்சி. குழலைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவருக்குப் பாட்டு உள்ளே இறங்கிவிட்டது. அவர் வாசிப்பு பாடுகிற மாதிரியே இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் நண்பனின் கட்சி. மாமனைப் போலவே இவரும் பின்னாளில் திருவாவடுதுறை ஆதீன வித்வான் ஆனார். ஊர்ப்பெயரே அவருடைய முதல் பெயர் ஆகிவிட்டது.

பொறியாளன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அவர் அந்த வாத்தியத்துக்குச் செய்த காரியம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வாசிக்கப்பட்டது திமிரி நாதஸ்வரம். குட்டையான குழல், நாலு, ஐந்து கட்டை சுருதி. திறந்தவெளியில், சாமி புறப்பாட்டில், ஊர் முழுக்கக் கேட்க வேண்டுமே, அதற்கு ஏற்ற கூர்மையான ஒலி. ஆனால் நின்று நிதானமாக ஒரு ராகத்தை விரித்து வாசிக்க நினைத்தவருக்கு அந்த உயரம் இடைஞ்சல். இன்னொரு சிக்கல், சுத்த மத்யமம் அதில் சுத்தமாகப் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் இழுத்துச் சரிக்கட்ட வேண்டும்.

நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்று ஒரு கைதேர்ந்த கலைஞர் இருந்தார். அவரும் ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து, செய்து பார்த்து, வாசித்துப் பார்த்து, மறுபடி செய்து, நீளமான பாரி நாதஸ்வரத்தைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்யமம் தானாகவே சரியாகப் பேசியது. நம் இயற்பியல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்க வேண்டுமானால் அதிர்வெண் முக்கால் பங்காகக் குறைய வேண்டும். அப்படியானால் குழலின் நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். வெறுமனே நீளத்தைக் கூட்டினால் வேலை முடிந்ததா? இல்லை. உள்துளை மேலே குறுகிக் கீழே விரிகிற கூம்பு. அந்தச் சரிவு மாறும், ஏழு விரல் துளைகளின் இடம் மாறும், வாசிப்பவரின் விரல் அகலமும் மூச்சும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரும் கிடையாது, அதிர்வெண் மானியும் கிடையாது. ஆச்சா மரம், கடைசல் பட்டறை, ஓர் ஆசாரியின் கை, ஒரு வித்வானின் காது, இவ்வளவுதான் அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம். நாங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன பம்பை வடிவமைக்கத் திண்டாடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்த அன்று மாயவரத்தான் எங்கள் எல்லாரையும் ராத்திரி பத்து மணிக்கு போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

சுருதிக்கு ஒத்து ஊதுவது வழக்கம். அந்த இடத்தில் தம்புராவை வைத்துக்கொண்டவரும் இவர்தான். இப்படி வாத்தியம் தணிந்து, சுருதி இனிமையானதும், தெருவிலும் கோயில் பிராகாரத்திலும் மட்டும் ஒலித்த நாதஸ்வரம் பாட்டுக் கச்சேரிக்குச் சமமாக மேடையில் உட்கார முடிந்தது.

உட்கார முடிந்தது என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பெரிய போராட்டம் இருக்கிறது. அன்றைக்கு நாதஸ்வர வித்வான் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடக் கூடாது. துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். ஊர்வலத்தில் மணிக்கணக்காக நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். வாசிப்பைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்களே வாசிப்பவரை உட்காரச் சொல்ல மாட்டார்கள். ராஜரத்தினம் பிள்ளை இதையெல்லாம் ஒவ்வொன்றாக உடைத்தார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். கோட்டும் ஷெர்வானியும் போட்டார். வைரக் கடுக்கனும் மோதிரமும் மின்ன மேடை ஏறினார். மற்ற வித்வான்களைப் போலத் தனக்கும் மேடையும் ஆசனமும் வேண்டும் என்றார். இவர் விட்டுக்கொடுக்காமல் வாங்கிய மரியாதை, அவரோடு நில்லாமல் அந்தத் தொழிலில் இருந்த அத்தனை குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதன் அருமை எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு சீனியரின் அக்கா கல்யாணத்துக்கு விடுதிப் பட்டாளமே போயிருந்தோம். மண்டபத்தில் மெல்லிசைக் குழுவுக்கு வண்ண விளக்கோடு மேடை. மேளக்காரர்களுக்கு வாசல் ஓரம், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜமுக்காளம். முகூர்த்தம் முடிந்ததும் அவர்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த மாயவரத்தான் அப்படியே திரும்பினான். நேராகப் போய் அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். பெரியவரிடம் ஏதோ பேசினான், அவர் முகம் மலர்ந்தது. பிறகு அவர்கள் ஐந்து பேரையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து எங்களோடு பந்தியில் உட்கார வைத்தான். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் தன் அப்பாவும் கோயில் நாதஸ்வரக்காரர் என்பதைச் சொன்னான். இரண்டரை வருடம் ஒரே அறையில் இருந்தும் அதுவரை அவன் வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் படிக்கும்போது பிள்ளைகள் அவனைப் பீப்பி என்று கூப்பிடுவார்களாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, கல்லூரியில் யார் கேட்டாலும் அப்பா விவசாயம் என்று சொல்லி வந்திருக்கிறான். ராத்திரியில் மெல்லிசாகக் கேட்ட அந்தத் தோடிக்கு அப்போதுதான் எங்களுக்கு அர்த்தம் தெரிந்தது. மறுநாள் முதல் எங்கள் அறையில் அது சத்தமாகவே ஒலித்தது. மதுரைக்காரனும் சென்னைக்காரனும் ஆட்சேபிக்கவில்லை.

ராஜரத்தினம் பிள்ளையின் புகழ் தஞ்சை எல்லையோடு நிற்கவில்லை. 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று, விடுதலைக்கு முந்தின மாலையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லி சென்ற குழுவோடு அவரும் போயிருந்தார். நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்ட அந்த வேளையில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம். இடுப்பில் துண்டைக் கட்டி நிற்கச் சொன்ன ஒரு தொழில், ஒரு தேசத்தின் வாசலில் மங்கல இசையாக நின்றது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது.

அவரிடம் குறை இல்லையா என்றால், இருந்தது. கைநிறைய சம்பாதித்தார், அதைவிட வேகமாகச் செலவழித்தார். கோபக்காரர். மனசு சரியில்லை என்றால் ஒப்புக்கொண்ட கச்சேரிக்கே வராமல் போய்விடுவார் என்ற பெயரும் உண்டு. காத்திருந்து ஏமாந்த ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த முறை அவர் வருகிறார் என்றால் மறுபடி முதல் ஆளாகப் போய் உட்காருவார்கள். அந்தத் தோடி அப்படி இழுக்கும். பல மணி நேரம் ஒரே ராகத்தை வாசித்தாலும் சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார் என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போயிருக்கிறார்கள். என் நண்பனின் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

1956 டிசம்பர் 12-ம் தேதி சென்னையில் மாரடைப்பால் காலமானார். வயது 58. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்த காருகுறிச்சி அருணாசலம் அந்தப் பாணியை எடுத்துச் சென்றார். 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் நாதஸ்வரம் காருகுறிச்சியாருடையதுதான். அவரும் 1964-ல் போய்விட்டார். குருவையும் சீடரையும் எட்டு வருடத்துக்குள் தமிழ்நாடு இழந்தது.

இன்று மாயவரத்தான் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். நாதஸ்வரம் அவனுக்கு வாசிக்க வராது. அப்பா அவனைப் படிக்க வைப்பதற்காகவே வாத்தியத்தைத் தொட விடவில்லையாம். தன்னோடு இந்தப் பீப்பிப் பேச்சு போகட்டும் என்று நினைத்திருப்பார். அவன் மகளுக்கு எட்டு வயது. வாரம் இரண்டு நாள் தாத்தாவிடம் வீடியோ காலில் சரளி வரிசை கற்றுக்கொள்கிறாள், முதலில் வாய்ப்பாட்டாக. ராஜரத்தினம் பிள்ளையும் அப்படித்தானே ஆரம்பித்தார்!

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கைபேசியில் உலகத்து இசை எல்லாம் இருக்கிறது. அடுத்து என்ன கேட்கலாம் என்று அதுவே சொல்லிக் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் உங்கள் அறையில் ராத்திரி மெல்லிசாக எதையோ கேட்கிறவன் ஒருவன் இருப்பான். அவனிடம் ஒருநாள் அதைச் சத்தமாகப் போடச் சொல்லுங்கள். பாட்டோடு சேர்த்து ஒரு ஆளும் உங்களுக்குக் கிடைப்பான்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம் விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றும்போது ஒலிபெருக்கியில் பதிவு செய்த நாதஸ்வரம் போடுகிறோம். வருகிற ஆண்டு முதல் மேளக்காரர்களையே அழைப்போம். மேடையில் ஆசனம் போட்டு ஒரு மணி நேரம் தனிக் கச்சேரி வைப்போம். கச்சேரி முடிந்ததும் சிறப்பு விருந்தினரோடு அவர்களையும் முதல் பந்தியில் உட்கார வைப்போம். செலவை எங்கள் அறை நண்பர்கள் நால்வரும் ஏற்றுக்கொள்கிறோம். மாயவரத்தான் ஏற்கெனவே ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். அன்றைக்குப் பிரதான ராகம் தோடியாகத்தான் இருக்க வேண்டுமாம்.

– இயந்திரவியல் துறை, 2005–2009 அணி