நாலாவது பார்ட்டும் ஜேக்கப் பெர்கின்ஸும்

ரெஃப்ரிஜிரேஷன் வைவாவில் கம்ப்ரஸர், கண்டென்ஸர், எவாப்பரேட்டர் என்று மூன்றைக் கடகடவென ஒப்பித்துவிட்டு, நாலாவது பார்ட் ஞாபகம் வராமல் முழித்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்த நாலையும் ஒரே சுற்றில் இணைத்து, 1834-ல் லண்டனில் முதன்முதலாகப் பேடண்ட் வாங்கியவர் ஜேக்கப் பெர்கின்ஸ். அப்போது அவருக்கு வயது 68!

1766-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். ஆணி செய்யும் மெஷின், கள்ளநோட்டைத் தடுக்கும் எஃகுத்தகடு அச்சு என்று மனுஷன் சும்மா இருந்ததே இல்லை. 1819-ல் இங்கிலாந்து போனார். உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான 'பென்னி பிளாக்' 1840-ல் அச்சானது அவர் தொடங்கிய கம்பெனியில்தான்.

குளிரூட்ட அவர் எடுத்துக்கொண்டது ஈதர். அது ஆவியாகி வீணாகாமல் சுற்றிச் சுற்றி வரணும். பம்ப் ஆவியை இழுத்து அழுத்தும். தண்ணீரில் குளிர்ந்து அது திரவமாகும். அதைத் தடையில்லாமல் திறந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், அப்புறம் குளிர்ச்சி ஏது? அங்கேதான் ஒரு வால்வை வைத்தார். அளவாக விட்டால் அழுத்தம் இறங்கி ஈதர் கொதிக்கும், சுற்றியுள்ள தண்ணீர் குளிர்ந்து உறையும். ரொம்ப விட்டால் திரவமே கம்ப்ரஸருக்குள் புகுந்து உடைத்துவிடும். குறைத்தாலோ எவாப்பரேட்டர் பட்டினி.

ஜான் ஹேக் என்பவர் ஒரு மாடல் செய்து கொடுத்தார். வியாபாரம்தான் ஆகவில்லை. இயற்கை ஐஸே மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். பெர்கின்ஸின் சொந்த மாநிலத்து ஐஸ், 1833-லேயே பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறிவிட்டது. நம்ம மெரினா ஐஸ் ஹவுஸ் (இன்றைய விவேகானந்தர் இல்லம்) அந்த ஐஸை வைக்கக் கட்டியதுதான்!

1849-ல் லண்டனில் பெர்கின்ஸ் கண்மூடினார். ஈதர் மெஷின் கடைசியில் வியாபாரத்துக்கு வந்தது 1850-களில், ஆஸ்திரேலியாவில், ஜேம்ஸ் ஹாரிசன் கையால்.