கலைத்தந்தை கருமுத்து தியாகராசர்

மதுரையில் தியாகராசர் காலேஜைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. ஆனால் அவர் ஒரு வங்கியையும் தொடங்கினார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஆ.தெக்கூரில் பிறந்தார். கொழும்பில் படித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கஷ்டப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்டார். அந்தக் காலத்தில் செட்டிநாட்டுக்காரர்கள் பலர் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து போய் வட்டிக்குக் கொடுத்து வாங்கினார்கள். இவரோ ஊர் திரும்பி, மதுரையில் மீனாட்சி மில்லைத் தொடங்கினார்.

திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி விளையும். பக்கத்திலேயே மில் இருந்தால் பருத்தி விற்க வழி, ஆளுக்கு வேலை. ஆனா மில் நடத்துறது லேசா? பருத்தி வரும்போதே காசு கொடுத்து வாங்கணும். அதை நூலாக்கி வித்து, பணம் கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் கூலி கொடுக்கணும். இதற்குத்தான் முதல் வேண்டும் என்கிறார்கள். விவசாயிக்கும் இதே கதைதான். விதைக்கும்போது கையில் காசு இருக்காது, வட்டிக்காரரைத் தேடிப் போகணும். எங்க அப்பத்தா அஞ்சு வட்டிக்கு வாங்கினதை இன்னும் சொல்லும். நூறு ரூபாய்க்கு மாசம் 5 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 60 ரூபாய்! கணக்குப் போட்டதும் எனக்குப் பகீர் என்றது.

தியாகராசர் 1943-இல் பாங்க் ஆப் மதுராவைத் தொடங்கினார். பலர் போட்டு வைக்கும் சிறு சேமிப்பு ஒன்றாகச் சேர்ந்து, தேவைப்படுகிறவருக்குக் கடனாகப் போகும். அதுதான் வங்கியின் வேலை.

சம்பாதித்த பணத்தில் பள்ளி, கல்லூரிகள் கட்டினார். 1949-இல் கலைக் கல்லூரி, 1957-இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி, பிறகு மேலாண்மைப் பள்ளி. மில் லாபத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவங்க உழைப்பும் இருக்கு. அதனால் அது படிப்பாகத் திரும்பி வந்தது நியாயம்தான் என்பது என் கருத்து.

1974 ஜூலை 29-ந் தேதி காலமானார். அவருக்குப் பிறகு, 1990-களில், அந்த வங்கி கிராமத்து மகளிர் குழுக்களுக்கும் கடன் கொடுத்தது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்குக் குழுவே ஜாமீன். 2001-இல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய பெயர்ப்பலகை இப்போ கிடையாது. கல்லூரிகள் இருக்கு, பஸ்ஸில் திருப்பரங்குன்றம் போறவங்க பார்க்கலாம்.