கண்ணும் கருத்தும்: பேரறிஞர் இப்னுல் ஹைதம்

நமது வாடிப்பட்டி வயல்களுக்குப் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வரும் நாட்களில் மடை பார்ப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். பார்வை வாய்க்காலின் மேல்தான் இருக்கும். ஆனால் நினைவு வீட்டுக் கடனிலோ பங்காளித் தகராறிலோ போய்விட்டால், கண்ணெதிரே வரப்பு உடைந்தாலும் மண்வெட்டி பிடித்த கை அசையாது. கண் இருந்தது, கருத்து இல்லை. நமது தொழுகையின் நிலையும் பல வேளைகளில் இதுதானே! கண்ணுக்கும் கைக்கும் நடுவே கருத்து செய்யும் வேலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உணர்ந்து எழுதிய ஒரு முஸ்லிம் அறிஞரின் வாழ்வை இம்மாதம் பார்ப்போம்.

அபூஅலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354-ல் (கி.பி. 965) இராக்கின் பஸராவில் பிறந்தார். கணிதத்திலும் வானியலிலும் வல்லவர். நைல் நதியின் பெருக்கையும் வற்றலையும் ஒழுங்குபடுத்த வழியுண்டு என்று அவர் கூறிய செய்தி, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய்ய கலீஃபா ஹாகிமுக்கு எட்டியது. கலீஃபா அவரை வரவழைத்து, வேலையாட்களுடன் தெற்கே அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார்.

வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவும் நேர்த்தியும் அவரைச் சிந்திக்க வைத்தன. இத்தனை திறமையுடையவர்கள் நைலைக் கட்டாமல் விட்டிருந்தால், அது ஆகக்கூடிய காரியமாக இருந்திருக்காது என்ற எண்ணம் எழுந்தது. அஸ்வானுக்குத் தெற்கே ஜனாதில் என்னுமிடத்தில் நதியின் இரு கரைகளையும் சோதித்தார். தமது திட்டம் அங்கே நடவாது என்று தெளிந்தார். அஸ்வான் பகுதியில் 1902-லும் 1970-லும் அணைகள் எழுந்தன. ஆனால் அவற்றைக் கட்டிய கருவிகள் அவர் காலத்தில் இல்லை. கருத்தோடு பார்த்ததால் கையை நிறுத்திக்கொண்டார். திரும்பி வந்து தம் தவறை ஒப்புக்கொண்டார். அது எளிய காரியமல்ல. ஹாகிமோ சிறு காரணத்துக்கும் உயிரைப் பறிக்கக் கூடியவர். அவருக்கு அஞ்சி, சித்தம் கலங்கியவரைப் போல் நடித்து, 1021-ல் கலீஃபா மறையும் வரை இப்னுல் ஹைதம் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார். பின்னர் கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளியின் அருகே தங்கி, கணித நூல்களைப் பிரதியெடுத்து விற்று எளிமையாக வாழ்ந்தார். 1040-ஐ ஒட்டிக் காலமானார்.

அவருடைய பெருநூல் ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் நம்பியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று அவர் நிறுவினார். அதோடு நில்லாமல், பார்வையை இருவகையாகப் பிரித்தார். ஒன்று மேலோட்டமான பார்வை. மற்றொன்று ஆழ்ந்து நோக்குவது. முன்னதில் வெளித்தோற்றம் மட்டுமே தெரியும். ஒரு பொருளை உள்ளபடி அறிய, பார்வை அதன் ஒவ்வொரு பகுதியிலும் சென்று படிய வேண்டும். பழகிய பொருளை மனம் ஓர் அடையாளத்தைக் கொண்டே தீர்மானித்துவிடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் எழுத்துக் கூட்டாமலே சொல்லை அறிவதைப் போல. இந்த வேகம் பயனுள்ளதுதான். ஆனால் அவசரத்தில் தவறும் நுழைந்துவிடுகிறது.

சகோதரர்களே! தொழுகையும் நமக்குப் பழகிய ஒன்று. உடல் தானாகவே ருகூஉக்கும் ஸுஜூதுக்கும் போகிறது. மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா என்பது தெரிவதில்லை. நபி (ஸல்) அவர்கள் பூவேலை கொண்ட ஓர் ஆடையணிந்து தொழுதபோது அவர்களின் பார்வை அதன்மேல் சென்றது. தொழுகை முடிந்ததும் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களுக்குத் திருப்பியனுப்பி, அவரிடமிருந்த சாதாரண ஆடையைக் கேட்டு வாங்கினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபியவர்களே இவ்வளவு பேணினார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்!

பார்வைக்கும் ஓர் இடத்தை நம் இமாம்கள் வகுத்துத் தந்துள்ளனர். ஹனஃபி மத்ஹபில் நிற்கும்போது ஸுஜூது செய்யும் இடத்தையும், ருகூஉவில் பாதங்களையும், இருப்பில் மடியையும் நோக்குவது ஒழுக்கமாகும். ஷாஃபிஈ மத்ஹபில் பொதுவாக ஸுஜூது செய்யும் இடமே பார்வைக்குரியது. கண் ஓரிடத்தில் நின்றால் கருத்தும் நிற்கும். கருத்து நின்றால் உறுப்புகள் உயிர்பெறும். ஆகவே இன்றே வீட்டில் தொழும் இடத்தைப் பார்ப்போம். எதிர்ச் சுவரில் தொங்கும் படக்காலண்டரையும், கண்ணை இழுக்கும் விரிப்பையும் அப்புறப்படுத்துவோம்.

கண்ணும் கருத்தும் ஒன்றிய தொழுகையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.