வாரச் சம்பளம் மூன்றரை டாலர்

அரும்பொருளகத்தில் வேலை பார்த்தால் என்ன சம்பளம் கிடைக்கும், மேலே போக வழி உண்டா? உயர்கல்வி பற்றிப் பேசப் போகும் இடங்களில் யாராவது ஒரு மாணவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். எனக்கு அப்போதெல்லாம் கார்ல் ஏக்லியின் நினைவுதான் வரும்.

1864ல் நியூயார்க் மாநிலத்தின் கிளாரண்டன் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். இறந்த பறவைகளைப் பாடம் செய்வதைச் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார். 19 வயதில், ரோச்செஸ்டர் நகரில் அரும்பொருளகங்களுக்கு விலங்குகளைப் பாடம் செய்து விற்ற வார்டு நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு மூன்றரை டாலர். அறையும் சாப்பாடும் சேர்த்து வாரத்துக்கு 4 டாலர்! உழைக்க உழைக்கக் கடன் ஏறும் வேலை அது. நடுவில் ஒருமுறை வேலையும் போனது; பிறகு அவர்களே திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

1885ல் ஜம்போ என்ற புகழ்பெற்ற சர்க்கஸ் யானை கனடாவில் ரயிலில் அடிபட்டு இறந்தது. அதைப் பாடம் செய்த குழுவில் ஏக்லியும் இருந்தார். ஆனாலும் அங்கு நடந்த வேலைமுறை அவருக்குப் பிடிக்கவில்லை. தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துவிடுவார்கள். புலியும் மூட்டையும் ஒன்றுபோல் இருக்கும்.

அடுத்த ஆண்டே மில்வாக்கிக்குப் போனார். அங்குள்ள அரும்பொருளகத்துக்காக, நீரெலிகளை அவற்றின் சதுப்புநில வாழ்விடத்தோடு சேர்த்து 1890ல் அவர் அமைத்த காட்சி இன்றும் இருக்கிறது. பின்னர் சிகாகோவின் ஃபீல்டு அரும்பொருளகத்தில் தம் முறையை முழுமையாக்கினார். முதலில் தசையும் நரம்பும் தெரியும்படி களிமண்ணில் விலங்கின் உருவத்தைச் செதுக்குவார். அதிலிருந்து அச்சு எடுத்து, எடை குறைந்த கூடு ஒன்றைச் செய்து, அதன்மேல் தோலைப் போர்த்துவார். நான்கு பருவங்களிலும் மான்கள் வாழ்வதைக் காட்டும் காட்சிக்குச் சுமார் 4 ஆண்டுகள் ஆயின. அதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளைச் செய்ததில் மனைவி டீலியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 

அரும்பொருளகத்தின் வெளிச்சுவர் உதிரத் தொடங்கியபோது, சிமெண்டை அழுத்தத்தோடு பீய்ச்சும் கருவி ஒன்றை ஏக்லி உருவாக்கினார். 1911ல் காப்புரிமை கிடைத்தது. சுரங்கம் தோண்டும் இடங்களில் அதன் வழிவந்த முறை இன்றும் பயன்படுகிறது. காட்டு விலங்குகளைப் படமெடுக்க ஒரு கேமராவையும் வடிவமைத்தார். கைத்தொழிலாளியாக நுழைந்தவர், சிற்பி, பொறியாளர், ஆய்வாளர் என்று தம் வேலையின் எல்லையைத் தாமே நகர்த்திக்கொண்டே போனார். பதவி உயர்வு என்பதை அவர் வாழ்க்கையில் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. காட்சிக்கு வைக்க அவர் விலங்குகளைச் சுட்டார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்காக 1921ல் காங்கோ சென்று கொரில்லாக்களையும் சுட்டார். அந்தப் பயணமே அவரை மாற்றியது. கொரில்லாக்களைக் காக்க வேண்டும் என்று பெல்ஜிய அரசரிடம் வற்புறுத்தினார். 1925ல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா பிறந்தது. இன்று அது விருங்கா.

1926ல் மீண்டும் அங்கே போனபோது நோயுற்று இறந்தார். மிகேனோ மலைச்சரிவில் அவரைப் புதைத்தார்கள். அவர் திட்டமிட்ட ஆப்பிரிக்க விலங்குகள் மண்டபம் 1936ல்தான் நியூயார்க்கில் திறக்கப்பட்டது. அங்கே கொரில்லாக்களுக்குப் பின்னால் தீட்டப்பட்டிருப்பது, அவர் புதைக்கப்பட்ட அந்த மலைப்பகுதிதான்.