காலம் உரமேற்றிய உலோகம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

அலுமினியம் என்றதும் நமக்கு நினைவு வருவது சமையலறைப் பாத்திரம். தவறிக் கீழே விழுந்தாலே நெளிந்துவிடும் அந்த உலோகத்தை விமானத்திற்கு எலும்பாகும் அளவுக்கு உயர்த்தியவர் ஆல்ஃபிரட் வில்ம் என்னும் ஜெர்மானியர்.

1869-இல் சைலீசியாவில் பிறந்த வில்ம், பெர்லினுக்கு அருகே நொய்பாபெல்ஸ்பெர்க் ஆய்வு நிலையத்தில் உலோகவியலாளராகப் பணியாற்றினார். தோட்டா உறைக்குப் பித்தளைக்குப் பதிலாக, எடை குறைந்த, உறுதியான அலுமினியக் கலவையைத் தேடினார்.

எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கித் துவைச்சல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எஃகு அக்கணமே கடினமாகிவிடும். வில்மும் அலுமினியத்தில் அதையே செய்து பார்த்தார். 1906-இல், சுமார் 4 சதவீதம் செம்பும் அரை சதவீதம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை ஏறத்தாழ 520 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். சனிக்கிழமை அளந்தபோது எதிர்பார்த்த கடினம் இல்லை. மீதி அளவீடுகள் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டன என்பார்கள். திங்களன்று அதே உலோகம் வெகுவாகக் கடினப்பட்டிருந்தது. இடையில் அதை யாரும் தொடவில்லை, பொழுதுதான் கழிந்திருந்தது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு. நான் ஒப்பமாட்டேன். விடுமுறை தற்செயல். ஆனால், முரண்பட்ட அளவைப் பிழையென்று ஒதுக்காமல், கடினம் ஏறும் விதத்தைத் தொடர்ந்து அளந்தது அவருடைய உழைப்பு. சுமார் நான்கு நாள்கள் வரை அது ஏறிக்கொண்டே போயிற்று.

1909 முதல் டூரன் நகர ஆலையொன்று அக்கலவையை 'டியூராலுமின்' என்ற பெயரில் தயாரித்தது. முதல் உலகப் போரின்போது செப்பலின் ஆகாயக் கப்பல்களின் சட்டங்கள் அதனால் அமைந்தன. வில்மோ 1919-இல் ஆய்வைத் துறந்து சைலீசியாவில் உழவரானார், 1937-இல் மறைந்தார்.

உலோகத்திற்குள் நடந்தது என்ன? மறு ஆண்டுதான் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் எக்ஸ் கதிர்களின் உதவியால் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர். செம்பு அணுக்கள் மெல்ல மெல்ல நுண்தகடுகளாகத் திரண்டு, அலுமினியத்தின் அணு அடுக்குகள் வழுக்காதபடி தடுக்கின்றன.

இன்று துத்தநாகம் கலந்த உயர்வலிமை அலுமினியக் குழாயைச் சுமார் 470 டிகிரிக்குச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, வாயு அழுத்தத்தால் ஊதி வடிவாக்கி, அச்சிலேயே குளிர்விக்கும் முறை வளர்ந்து வருகிறது. பிறகு 120 டிகிரி உலையில் ஒரு நாள் போல வைத்தால் முழு வலிமையும் வந்துவிடும். வளைப்பது இளகிய நிலையில். உறுதி பெறுவது பின்னால். வில்ம் கண்ட நெறி இதுவே.

காரணம் அறியாமலே வில்ம் மறைந்தார். ஆயினும் அவர் அளந்து குறித்தவை பொய்க்கவில்லை. விளக்கம் கிடைக்கவில்லை என்பதற்காகக் கண்ணெதிரே கண்ட அளவை அழித்துவிட வேண்டாம் என்பதே, சோதனைச்சாலையில் நிற்கும் நமக்கு அவர் விட்டுச் சென்ற பாடம்.