புனித மோனிக்கா: பொறுமையும் பாதுகாப்பும்

புனித மோனிக்கா என்றதும், மகன் அகுஸ்தீனின் மனமாற்றத்திற்காக அவர் சிந்திய கண்ணீரே நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னரே, மனைவியாக அவர் சுமந்த சிலுவையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே நகரில், ஏறக்குறைய 332ஆம் ஆண்டு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மோனிக்கா. அவரை மணந்த பத்ரீசியுஸ் அப்போது கிறிஸ்தவர் அல்லர். அன்பானவர்தான். ஆனால் கடுங்கோபக்காரர், மனைவிக்கு உண்மையுள்ளவராகவும் இருக்கவில்லை. பணிப்பெண்கள் சொன்ன கோளைக் கேட்டு, தொடக்கத்தில் மாமியாரும் மருமகளை வெறுத்தார்.

கணவரிடம் அடிபட்டு, முகத்தில் காயத்தோடு இருந்த பெண்கள் பலர் அவ்வூரில் இருந்தனர். மோனிக்கா மட்டும் அடிபடாததைக் கண்டு அவர்கள் வியந்தனர். கணவர் கோபமாயிருக்கையில் எதிர்த்துப் பேசாமல், அவர் அமைதியடைந்தபின் தம் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்வதே தம் வழக்கம் என அவர்களுக்கு விளக்கினார். அதைப் பின்பற்றிய சிலர் பயனடைந்ததாக அகுஸ்தீன் எழுதியுள்ளார்.

அவர்களுக்கு வேறு வழியும் அரிதாகவே இருந்தது. கணவர் கொலைகாரராகவோ, நஞ்சிடுபவராகவோ, கல்லறையைச் சிதைப்பவராகவோ இருந்தால் மட்டுமே மனைவி மணமுறிவு கோரலாம் என்றது, 331ஆம் ஆண்டு பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம். மனைவியை அடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பத்ரீசியுஸ் தம் இறுதிக் காலத்தில் திருமுழுக்குப் பெற்றார். மோனிக்கா 387ஆம் ஆண்டு, தமது 56ஆம் வயதில், ஓஸ்தியாவில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, மோனிக்காவின் பொறுமை போற்றத்தக்கது. ஆனால், அடிபட்டு வரும் ஒரு சகோதரியிடம் அவரது பெயரைச் சொல்லி, பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புவது நியாயமன்று. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணைவரைப் பிரிந்து வாழ, 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் எண் 1153 இடமளிக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் வன்முறையிலிருந்து காக்கப் பிரிவு சில வேளைகளில் அறநெறிப்படி தேவையாகலாம் என்று, திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலும் கற்பிக்கிறது.

காயமுற்ற பெண்கள் அன்று மோனிக்காவிடம் மனம் திறந்து பேசினர். நம் பங்கிலும் அவர்கள் அஞ்சாமல் பேச, நாம் செவிகொடுப்போமா? ஆகஸ்ட் 27 அன்று அவரது விழாவைக் கொண்டாடும்போது, இதற்கான வரத்தையும் இறைவனிடம் மன்றாடுவோம்.